ஓட்டை வாளியில் கீரை

வாளி ஓட்டையானால் என்ன செய்வோம்? மூலையில் போட்டு வைப்போம். பழைய சாமான்காரர் வந்தால் எடுத்துக் கொடுப்போம். அவர் நாலு வெங்காயம் கொடுப்பார். அதோடு அந்த வாளியை மறந்துவிடுவோம்.

இந்தப் பாடம் அப்படி ஓர் ஓட்டை வாளியைப் பற்றியது.

9 என்ற எண்

செகந்திராபாத்தில் லாலாகூடா என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பெரிய ரயில் பட்டறை உண்டு. ரயில் வேலைக்கும் பட்டாளத்து வேலைக்கும் அந்தக் காலத்திலேயே தமிழர் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். பிறகு கட்டட வேலைக்கு வந்தார்கள். நான் இங்கேயே பிறந்தவள். உயர்நிலைப் பள்ளி வரை படித்திருக்கிறேன். சாயங்காலம் 7 மணிக்கு எங்கள் தெருவில் எழுத்து சொல்லித் தருகிறேன்.

படிக்க வருகிறவர்கள் 14 பேர். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர்களில் ஓர் அக்கா. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். ஒரு நாள் ஒரு சீட்டைக் கொண்டு வந்தார். மகளின் ரத்தத்தைச் சோதித்து எழுதிக் கொடுத்த சீட்டு அது.

"டீச்சர், இதுல 9-ன்னு போட்டிருக்குது. எழுத்து தெரியுது. அர்த்தம் தெரியலையே!" என்றார்.

மகளுக்கு வயது 13. அந்த வயதில் அந்த எண் 12-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் ரத்தசோகை என்று பெயர். ரத்தத்தில் இரும்புச் சத்து போதவில்லை என்றால் பெரும்பாலும் இது வரும். படியேறினால் மூச்சு வாங்கும். படிப்பில் மனம் நிற்காது. எப்போதும் அசதி.

இது அந்த ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் வீடு வீடாக ஒரு கணக்கு எடுத்தார்கள். 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. நம் வகுப்பில் 10 பெண்கள் இருந்தால், அதில் 5 அல்லது 6 பேர்.

மகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். கூடவே கீரை, காய், பயறு நிறையக் கொடுக்கச் சொன்னார்கள். அக்கா உடனே கணக்குப் போட்டார்.

"ஒரு கட்டு 10 ரூபா. எங்க வீட்டுல 5 பேரு. 2 கட்டு வேணும். ஒரு நாளைக்கு 20 ரூபா. மாசத்துக்கு 600 ரூபா. ஒரு வீட்டுச் சம்பளத்துல பாதி கீரைக்கே போயிடும் டீச்சர்."

கணக்கு சரிதான். கணக்கு சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. நம் நகரத்தின் நடுவே மூசி ஆறு ஓடுகிறது. 1908-ல் அந்த ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து ஊரையே அழித்தது. அதன் பிறகுதான் உஸ்மான் சாகர் ஏரியும் இமாயத் சாகர் ஏரியும் கட்டினார்கள். ஒரு காலத்தில் அப்படிப் பெருகிய ஆற்றில் இன்று ஓடுவது பெரும்பாலும் சாக்கடை நீர். அந்த நீரைப் பாய்ச்சி ஆற்றோரம் மாட்டுப் புல் வளர்க்கிறார்கள். கீரையும் வளர்க்கிறார்கள். சாக்கடை நீரில் நோய்க் கிருமி இருக்கும். ஆலைக் கழிவும் கலந்திருக்கும். சந்தைக்கு வரும் கீரை எல்லாம் அங்கிருந்து வருவது இல்லை. ஆனால் கட்டைப் பார்த்து எது எங்கே விளைந்தது என்று சொல்ல முடியாது. அந்த விவசாயிகளைக் குறை சொல்லியும் பயன் இல்லை. ஆற்றில் சாக்கடையை விட்டது அவர்கள் இல்லை. நகரத்தில் இருக்கும் நாம்தான்.

"நம்ம வீட்டுலயே போட்டா என்ன அக்கா?" என்று கேட்டேன்.

அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை உண்டு. நீளம் 8 அடி. அகலம் 5 அடி. தரை முழுவதும் சிமெண்ட். ஒரு பக்கம் துணி துவைக்கும் கல். மறுபக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். மண் என்று ஒரு பிடி கிடையாது.

"சிமெண்டுல கீரை முளைக்குமா?" என்று அக்கா சிரித்தார். ஆனால் மறுநாளே இரண்டு ஏனங்களைத் தேடி எடுத்துவிட்டார். ஒன்று, 15 கிலோ எண்ணெய் வரும் தகர டின். புதிது போலப் பளபளவென்று இருந்தது. மற்றது, அடி வெடித்த பிளாஸ்டிக் வாளி.

நல்ல டின் செத்தது, ஓட்டை வாளி பிழைத்தது

ஆகஸ்டு மாதம். பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் செம்மண் கிடைத்தது. டின்னிலும் வாளியிலும் நிரப்பினோம். இரண்டிலும் தண்டுக்கீரை விதை தூவினோம். நாலாம் நாள் முளைத்தது. அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார்.

அப்புறம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் போய்ப் பார்த்தோம். டின்னில் இருந்த கீரை எல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. பிடித்து இழுத்தால் வேர் அழுகிக் கையோடு வந்தது. ஒரு கெட்ட வாடை. வாளியில் இருந்த கீரையோ நிமிர்ந்து நின்றது.

அதே மண். அதே விதை. அதே மழை. வித்தியாசம் ஒன்றுதான். டின்னில் ஓட்டை இல்லை.

தப்பு என்னுடையது. மண் போடச் சொன்னேன். விதை போடச் சொன்னேன். ஓட்டை போடச் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது.

அன்று வகுப்பில் எழுத்துப் பாடம் நடக்கவில்லை. இதைத்தான் பேசினோம். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். துகளுக்கும் துகளுக்கும் நடுவே சிறு சிறு இடைவெளி இருக்கும். அதில் காற்று இருக்கும். அந்தக் காற்றைத்தான் வேர் மூச்சு விடுகிறது. மழை பெய்தால் அந்த இடைவெளியில் தண்ணீர் நிறையும். தரையாக இருந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மறுபடி காற்று வரும். டின்னில் தண்ணீர் எங்கே போகும்? அங்கேயே நிற்கும். வேர் மூச்சுத் திணறிச் சாகும்.

அக்கா விடவில்லை. "எங்க ஊருல நெல்லு தண்ணியிலதானே டீச்சர் நிக்குது? அது மட்டும் சாகலையே?"

நல்ல கேள்வி. எனக்கு அன்று பதில் தெரியாது. படித்துவிட்டு வந்து மறுநாள் சொன்னேன். நெல்லின் தண்டுக்குள்ளே காற்றுப் போக வழி இருக்கிறது. மேலே இலை வாங்கும் காற்று அந்த வழியாக வேருக்கு இறங்குகிறது. கீரைக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்த வழி இல்லை.

ஆகவே ஏனம் எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஓட்டை. அடியில் நாலைந்து ஓட்டை வேண்டும். சுண்டு விரல் நுழையும் அளவு போதும். தகரம் என்றால் ஆணியும் சுத்தியலும். பிளாஸ்டிக் என்றால் ஆணியைக் காய்ச்சிக் குத்தலாம். கிடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். அதை வெளியில் வைத்துச் செய்யுங்கள். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு அல்லது கொஞ்சம் தேங்காய் நார் வையுங்கள். மண் ஒழுகாது. பிறகு ஏனத்தை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சிமெண்டுத் தரையில் அப்படியே வைத்தால் ஓட்டை அடைபட்டுப் போகும்.

எந்த ஏனம் நல்லது?

வாளியில் பிழைத்த கீரையை 25 நாள் கழித்து அக்கா அறுத்தார். கிடைத்தது ஒரு கைப்பிடி. 5 பேருக்கு ஒரு கைப்பிடி! மகள் பார்த்துச் சிரித்தாள்.

கீரையின் வேர் ஆழம் போகாது. அரை அடி மண் போதும். ஆனால் பரப்பு வேண்டும். வாளிக்கு ஆழம் அதிகம், வாய் சிறியது. அதனால் கீரைக்கு அகன்ற ஏனம்தான் சரி. உடைந்த பேசின், சட்டி, பழக்கடையில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டி எல்லாம் நல்லது. சிமெண்டு மூட்டையைத் தட்டி உதறிக் கழுவி, வாயை மடித்து, உயரத்தைக் குறைத்தும் வைக்கலாம்.

வாளியை வீணாக்க வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஓர் அடி ஆழம் வேண்டும். அவற்றுக்கு வாளி பொருத்தம். ஒரு வாளிக்கு ஒரு செடிதான். இரண்டு வைத்தால் இரண்டும் காய்க்காது. அவரை, பாகற்காய் போன்ற கொடிகளுக்கு இன்னும் பெரிய ஏனம் வேண்டும். படரக் கயிறும் வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூச்சி மருந்து இருந்த டப்பா, ஆசிட் இருந்த கேன், வண்டி எண்ணெய் இருந்த டின் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

கட்டிப்போட்ட மாடு

தரையில் நிற்கும் செடி மேய்ச்சல் மாடு மாதிரி. இங்கே தீனி இல்லை என்றால் வேரை நீட்டி அங்கே தேடும். ஏனத்தில் நிற்கும் செடி கட்டிப்போட்ட மாடு. நாம் போட்டதுதான் அதற்குத் தீனி. நாம் மறந்தால் அது பட்டினி. முதல் தடவை வெறும் செம்மண்ணில் போட்டோமே, அதனால்தான் கீரை வெளுத்து மெலிந்து வந்தது.

மூன்று பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு செம்மண். ஒரு பங்கு மக்கிய எரு. ஒரு பங்கு தென்னை நார்த் தூள். நார்த் தூள் கிடைக்காவிட்டால் பாதிப் பங்கு மணல் போடலாம். ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்தால் வேர்ப்புழு குறையும். கரிசல் மண்ணைத் தனியாகப் போடாதீர்கள். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். சாக்கடை ஓரத்து மண், வண்டி ரிப்பேர் செய்யும் இடத்து மண் எடுக்காதீர்கள்.

எருவுக்குக் காசு எதற்கு? வீட்டில் தினமும் வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், காய் நறுக்கிய கழிவு, டீத் தூள் விழுகிறது. பக்கத்திலும் அடியிலும் ஓட்டை போட்ட ஒரு பழைய குடத்தில் இவற்றைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த சருகை இரண்டு மடங்கு போட்டு மூடுங்கள். வாரம் ஒரு முறை குச்சியால் கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் சருகு போடுங்கள். எண்ணெய்ச் சோறு, மீன், கறி போடாதீர்கள். எலி வரும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். அதுதான் எரு.

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது?

விதைக் கடைக்கு அக்காவோடு நானும் போனேன். இந்த ஊர்க் கடையில் தமிழில் கேட்டால் கிடைக்காது. தெலுங்குப் பெயர் தெரிய வேண்டும். தண்டுக்கீரை இங்கே தோட்டகூர. புளிச்சக்கீரை கோங்கூர. கொடிப்பசலை பச்சலிகூர. பொன்னாங்கண்ணி பொன்னகண்டிகூர. முருங்கைக்கீரை முனகாகு. வெந்தயக்கீரை மெந்திகூர.

பாக்கெட்டில் எழுத்து ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருந்தது. அக்காவுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் எண் எந்த மொழியிலும் எண்தானே! பாக்கெட்டில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று, விதையைச் சோதித்த தேதி. இன்னொன்று, எதுவரை அந்த விதை செல்லும் என்ற தேதி. அக்கா ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றைக் கடைக்காரரிடம் திருப்பி நீட்டினார். "இது போன மாசமே முடிஞ்சுபோச்சு" என்று தெலுங்கில் சொன்னார். கடைக்காரர் பேசாமல் வேறு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் அக்கா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றுக்கும் கடைக்குப் போக வேண்டியதும் இல்லை. சமையலறை வெந்தயமே விதைதான். இரவு ஊறவைத்து மறுநாள் தூவுங்கள். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். உடைக்காவிட்டால் முளைக்க நாளாகும். புதினாக் கட்டு வாங்கினால் இலையைக் கிள்ளிக்கொண்டு, தண்டை மண்ணில் ஊன்றுங்கள். பொன்னாங்கண்ணியும் பசலையும் அப்படித் தண்டில் இருந்தே வரும்.

கீரை விதை மிகச் சிறியது. அப்படியே தூவினால் ஓர் இடத்தில் குவிந்துவிடும். ஒரு பிடி மணலில் கலந்து தூவுங்கள். மேலே மெல்லிசாக மண் தூவுங்கள். சொம்பால் கொட்டாதீர்கள். கையால் தெளியுங்கள்.

அறுக்கும்போது பிடுங்காதீர்கள். இரண்டு விரல் உயரம் விட்டு அறுங்கள். பாலக்கீரையும் தண்டுக்கீரையும் மறுபடி துளிர்க்கும். அறுத்த பிறகு ஒரு பிடி எரு போடுங்கள்.

வெயிலும் தண்ணீரும்

கீரைக்கு ஒரு நாளைக்கு 4 மணி நேர வெயிலாவது வேண்டும். காய்க்கும் செடிக்கு 6 மணி நேரம். அக்காவின் கொல்லையில் சுவர் மறைத்தது. எங்கே எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். 9 மணி, 11 மணி, 1 மணி, 3 மணி. நாலு தடவை கரித்துண்டால் தரையில் கோடு போட்டோம். துவைக்கும் கல்லுக்கு இடப்பக்கம்தான் வெயில் அதிகம். ஏனங்கள் அங்கே போயின. நிலத்தில் நட்ட செடியைத் தூக்கி வைக்க முடியுமா? ஏனத்தில் இருப்பதில் இந்த ஒரு வசதி.

ஆனால் ஐதராபாத்தின் மே மாதம் வேறு. 40 டிகிரிக்கு மேல் போகும். ஏனத்தின் மண் அடுப்பில் வைத்தது போலச் சுடும். அப்போது பழைய புடவையை மேலே பந்தல் போலக் கட்டுங்கள். உச்சி வெயில் படக் கூடாது. கீரைக்கு இந்த ஊரில் நல்ல காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. முதல் முறை போடுகிறவர்கள் அப்போது தொடங்குவது நல்லது. நாங்கள் ஆகஸ்டில் தொடங்கிப் பட்டோம்.

தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது? விரலைக் கேளுங்கள். ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் குத்துங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் கேட்கும். மழையில் கேட்காது.

எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர். இந்த நகரத்துக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் 100 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து வருகிறது. அதைச் செடிக்குக் கொட்ட மனம் வராது. அரிசி களைந்த நீர், பருப்புக் கழுவிய நீர், காய் கழுவிய நீர் போதும். சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

தட்டில் நிற்கும் தண்ணீர்

சிலர் ஏனத்தின் அடியில் தட்டு வைப்பார்கள். தரை நனையாமல் இருக்கும். ஆனால் தட்டில் தண்ணீர் நிற்கும். அதில் கொசு முட்டையிடும்.

கொசுவைப் பற்றிய பெரிய உண்மை ஒன்று நம் செகந்திராபாத்தில்தான் தெரிய வந்தது. ரொனால்டு ராஸ் என்று ஒரு பட்டாளத்து டாக்டர் இருந்தார். 1897-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ம் தேதி, இங்கே ஒரு கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்தார். மலேரியாக் கிருமி அதற்குள் வளர்வதைக் கண்டார். அதுவரை கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வேலை செய்த கட்டடம் பேகம்பேட்டில் இருக்கிறது.

டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது வேறு வகைக் கொசு. அது வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் நீரில் முட்டையிடும். தட்டு, டயர், கொட்டாங்கச்சி எதுவும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் தவறாமல் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டே வைக்காவிட்டால் இன்னும் நல்லது. கீரைக்கு ஆசைப்பட்டுக் காய்ச்சலை வளர்க்கக் கூடாது.

இலையில் பூச்சி வந்தால்? அசுவினி என்றால் தண்ணீரை வேகமாக அடித்தாலே விழும். மாவுப்பூச்சி என்றால் பழைய துணியால் துடைத்து எடுங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். கடையில் விற்கும் பூச்சி விஷம் வேண்டாம். அது வேண்டாம் என்றுதானே வீட்டிலேயே போடுகிறோம்? மண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

பணக்காரர் வேலையா?

பக்கத்து வீட்டில் அக்காவைக் கேலி செய்தார்கள். "மாடி வீட்டுக்காரங்க பொழுது போகாம செய்யற வேலை உனக்கு எதுக்கு?" என்றார்கள்.

அந்தப் பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 2011-12-ல் பெரிய நகரங்களுக்குக் காய்கறி கிடைக்க மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐதராபாத்தும் அதில் இருந்தது. மொட்டை மாடித் தோட்டத்துக்குப் பையும் விதையும் பாதி விலையில் கொடுத்தார்கள். சென்னையிலும் கோவையிலும் தமிழ்நாடு அரசும் இது போலக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் மீதிப் பாதி விலை யாரிடம் இருந்தது? மொட்டை மாடி யாரிடம் இருந்தது? திட்டங்கள் அவ்வப்போது மாறும். இப்போது என்ன கிடைக்கும் என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.

கியூபா என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. அந்த நாட்டுக்கு எண்ணெயும் உரமும் சோவியத் நாட்டில் இருந்து வந்துகொண்டிருந்தன. 1991-ல் சோவியத் நாடு பிரிந்து போனது. எண்ணெய் வரத்து மிகவும் குறைந்தது. லாரி ஓடவில்லை. கிராமத்துக் காய் நகரத்துக்கு வந்து சேரவில்லை. தலைநகரம் ஹவானாவில் மக்கள் காலி மனையிலும் கொல்லையிலும் மாடியிலும் காய் போட்டார்கள். அவர்கள் பொழுது போகாமல் செய்யவில்லை. பசி வந்து செய்தார்கள்.

இதை வகுப்பில் படித்துக் காட்டினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கேலி செய்த வீட்டுக்கு ஒரு பிடி புதினா கொடுத்துவிட்டு வந்தார்.

கரியால் எழுதிய தேதி

ஒரே நாளில் எல்லா ஏனத்திலும் விதைத்தால் என்ன ஆகும்? ஒரே நாளில் எல்லாம் அறுக்க வரும். பிறகு ஒரு மாதம் ஒன்றும் இருக்காது. அக்கா 6 பேசின் சேர்த்தார். 5 நாளைக்கு ஒரு பேசினில் விதைத்தார். 6 பேசின், 5 நாள். பெருக்கினால் 30 நாள். ஆறாவது பேசினில் விதைக்கும்போது முதல் பேசின் அறுக்கத் தயார்.

எதில் என்று விதைத்தோம் என்பது மறந்து போகுமே? அக்கா ஒவ்வொரு பேசின் மேலும் கரியால் தேதி எழுதினார். மழையில் கரி அழிந்தது. பிறகு மகளின் நோட்டில் எழுதினார். அக்கா தன் கையால், தன் தேவைக்கு, யாரும் சொல்லாமல் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

இப்போது 5 நாளைக்கு ஒரு முறை வீட்டுக் கீரை. தினமும் இல்லை. அதைப் பொய்யாகச் சொல்லக் கூடாது. மற்ற நாளில் முருங்கைக்கீரை கிடைத்தால் சமைக்கிறார். இல்லாவிட்டால் வாங்குகிறார். வாங்கிய கீரையை மூன்று தண்ணீரில் அலசுகிறார்.

எங்கள் பகுதிக்குப் பக்கத்தில், தார்நாகாவில், தேசிய உணவூட்ட நிறுவனம் இருக்கிறது. நாம் எதைத் தின்றால் உடம்புக்கு என்ன கிடைக்கும் என்று ஆராயும் இடம். 1918-ல் அது நம் குன்னூரில் ஒரு சிறிய அறையில் தொடங்கியது. 1958-ல்தான் ஐதராபாத்துக்கு வந்தது. அதாவது, அதுவும் தமிழ்நாட்டில் இருந்து இங்கே குடிவந்ததுதான்! இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் இருந்து நமக்குத் தெரிந்த ஒரு விஷயம்: கீரையில் இருக்கும் இரும்புச் சத்து முழுவதும் உடம்பில் ஒட்டாது. கொஞ்சம்தான் ஒட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற புளிப்பும் பழமும் கூடச் சாப்பிட்டால் அதிகம் ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் குறைந்துபோகும். ஆகவே கீரைக் கடையலை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

கீரை தின்றதால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அக்காவும் நிறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதித்தார்கள். புதுச் சீட்டை அக்கா என்னிடம் நீட்டவில்லை. அவரே வகுப்பில் நின்று படித்தார்.

"பத்து புள்ளி அஞ்சு."

இன்னும் 12 ஆகவில்லை. மாத்திரை தொடர்கிறது. விதைப்பும் தொடர்கிறது. அக்காவின் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது இது:

1-ம் பேசின். வெந்தயம். 3-ம் தேதி.
2-ம் பேசின். தோட்டகூர. 8-ம் தேதி.
3-ம் பேசின். பாலக். 13-ம் தேதி.
4-ம் பேசின். எலி தின்னுட்டுது. மறுபடி போடணும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உடைந்த, பயன்படாத ஏனங்கள் எவை? பெயரை எழுதுங்கள். எவற்றில் கீரை போடலாம்? எவற்றில் தக்காளி போடலாம்?

2. உங்கள் கொல்லையில் அல்லது வாசலில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது?

3. இன்று தேதி என்ன? இன்று தண்டுக்கீரை விதைத்தால், 25 நாள் கழித்து எந்தத் தேதியில் அறுக்கலாம்?

4. அக்கா 4-ம் பேசினில் 18-ம் தேதி விதைத்திருந்தார். எலி தின்றதால் 23-ம் தேதி மறுபடி விதைக்கிறார். 5-ம் பேசினில் எந்தத் தேதியில் விதைக்கலாம்? யோசித்துச் சொல்லுங்கள்.